போர் நடக்கும்போது லிங்கனைத் திட்டிய அடிமை ஒழிப்பாளர்கள்: செய்தது சரியா?

தேரடி வாசகன் (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். டீக்கடையில் ஆரம்பித்த சண்டை அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நமக்குப் பள்ளியில் சொன்னது நாலு வரிதான். அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் பிரிந்து போனதால் 1861இல் போர் மூண்டது, 1863இல் லிங்கன் அடிமைகளை விடுவித்தார், 1865இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இப்போது கொஞ்சம் தேடிப் படித்தால் வேறு கதை வருகிறது. முப்பது வருடம் அடிமை முறைக்கு எதிராக அடியும் உதையும் வாங்கியவர்களே லிங்கனைப் போட்டுக் கிழித்திருக்கிறார்கள். பாஸ்டன் பேச்சாளர் வெண்டெல் பிலிப்ஸ் 1860இலேயே அவரை 'இல்லினாய்ஸின் அடிமை பிடிக்கும் நாய்' என்றார். 1864 தேர்தலில் அவர் மறுபடி நிற்கவே கூடாது என்று மேடையேறிப் பேசினார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் தன் பத்திரிகையில் எழுதியதைப் பார்த்தால் எதிர்க்கட்சி ஏடு மாதிரி இருக்கிறது.

என் நண்பர் கேட்பது இதுதான்: "வீடு பற்றி எரிகிறது. தண்ணீர் ஊற்றுகிறவன் சட்டையைப் பிடித்து, ஏன்டா மெதுவாக ஊற்றுகிறாய் என்று கேட்டால் அது உதவியா, உபத்திரவமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.


கடைசி பெஞ்ச்

நான் உங்கள் நண்பர் கட்சி.

அடிமை முறை இருந்தும் பிரிந்து போகாத நாலு மாநிலங்கள் இருந்தன: கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர். அவை கைநழுவினால் போர் முடிந்த மாதிரிதான். 1861 ஆகஸ்ட் 30இல் வடக்குப் படை ஜெனரல் ஃப்ரீமான்ட் மிசௌரியில் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று தன் இஷ்டத்துக்கு அறிவித்தார். செய்தி கேட்டுக் கென்டக்கியில் ஒரு முழுத் தொண்டர் படையே துப்பாக்கியைக் கீழே போட்டுக் கலைந்ததாக லிங்கனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்த உத்தரவைத் திருத்தினார். அதற்கு ஒழிப்பாளர்கள் குதித்த குதி கொஞ்சமா? கொள்கை பேசுகிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆள்கிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.


நாவல்மரம்

கடைசி பெஞ்ச், கணக்கு என்று சொன்னீர்கள் இல்லையா, அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'ஒழிப்பாளர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். வில்லியம் லாயிட் காரிசன் 1831 ஜனவரி 1 முதல் பாஸ்டனில் 'லிபரேட்டர்' வார இதழ் நடத்தியவர். அமெரிக்க அரசியல் சட்டமே அடிமை முதலாளிகளோடு செய்துகொண்ட 'சாவோடு உடன்படிக்கை, நரகத்தோடு ஒப்பந்தம்' என்று சொல்லி, 1854 ஜூலை 4 அன்று, சுதந்திர தினத்தன்றே, அதன் பிரதி ஒன்றைக் கூட்டத்தின் முன்னால் கொளுத்தினார். அடிமை மாநிலங்களோடு கூட்டே வேண்டாம், பிரிந்து போவோம் என்பதுதான் அவர் முழக்கம். அப்படிப்பட்டவர் போர் வந்ததும் அரசாங்கத்தின் பக்கம் வந்துவிட்டார். 1861 டிசம்பரில் பத்திரிகைத் தலைப்பிலிருந்து அந்தப் பழைய வாசகத்தையும் எடுத்துவிட்டார். "அன்றைக்கு அப்படிச் சொன்னீரே, இன்றைக்கு இப்படிப் பேசுகிறீரே" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சாவும் நரகமும் தாங்களாகவே பிரிந்து போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாதே என்றார்!

1864இல் காரிசன் லிங்கனை ஆதரித்தார், பிலிப்ஸ் எதிர்த்தார். கால் நூற்றாண்டுத் தோழமை அதில் விரிசல் விட்டது. ஆகவே உங்கள் 'தண்ணீர் ஊற்றுகிறவன்' வாதத்தை அந்த இயக்கமே தனக்குள் நாலு வருடம் வாதாடியது. நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது, விமர்சித்தவர்கள் சொகுசாக உட்கார்ந்துகொண்டு விமர்சிக்கவில்லை. 1860 டிசம்பர் 3 அன்று பாஸ்டன் ட்ரெமான்ட் டெம்பிள் மண்டபத்தில் டக்ளஸ் இருந்த கூட்டத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து கலைத்தது. தென் மாநிலத்தில் என்று நினைக்காதீர்கள், வடக்கே, அதுவும் பாஸ்டனில். 1862 மார்ச்சில் சின்சினாட்டி அரங்கில் பிலிப்ஸ் மேல் முட்டையும் கல்லும் பறந்தன. அவர் பேச்சை நிறுத்தாமல் தொடரப் பார்த்தார். கீழே கைகலப்பாகி விளக்குகளை அணைக்கும்வரை போனது. அப்போது போர் ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மூன்றாவது, 1862 ஆகஸ்ட் 14. லிங்கன் ஐந்து கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் போரே வந்திருக்காது, இரண்டு இனமும் பிரிந்து வாழ்வதுதான் நல்லது, மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறுங்கள் என்றார். பிறந்த ஊரில் நிற்பவனைப் பார்த்து! டக்ளஸ் அதற்குச் சூடாகப் பதில் எழுதினார். அது சட்டையைப் பிடித்து இழுப்பதா? எரிகிற வீட்டுக்குள் இருக்கிறவன் கத்துவது என்று நான் சொல்வேன்.


கடைசி பெஞ்ச்

நல்ல பதில்தான் அக்கா. ஆனால் ஒரு தேதியை விட்டுவிட்டீர்கள். 1862 ஜூலை 22 அன்றே லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் படித்துக் காட்டிவிட்டார். போரில் ஒரு வெற்றி வரட்டும், இல்லாவிட்டால் தோற்றுப்போனவனின் புலம்பல் மாதிரி இருக்கும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்னதால் மேஜைக்குள் வைத்துவிட்டார். ஆகஸ்டில் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது காகிதம் உள்ளே தயாராக இருந்தது. அப்புறம் அந்தத் திட்டினால் என்ன பிரயோஜனம்?


நாவல்மரம்

ஜூலையில் வரைவு தானாக முளைக்கவில்லை தம்பி. ஏப்ரல் 16இல் வாஷிங்டன் நகரத்தில் அடிமை முறையை ஒழித்தார்கள். அதற்கு முன் மார்ச்சில், ஓடி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ராணுவத்துக்கே சட்டம் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் 1861 மே மாதத்தில் ஒரு இரவு. ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று அடிமைகள் படகில் ஏறி, வர்ஜீனியாவில் வடக்குப் படை கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து நின்றார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு வந்த தென் தரப்பு அதிகாரியிடம், உங்கள் மாநிலம் பிரிந்துவிட்டது என்கிறீர்கள், பிறகு ஓடிய அடிமையைத் திருப்பித் தரச் சொல்லும் எங்கள் சட்டத்தை எதற்குக் காட்டுகிறீர்கள் என்று கோட்டையின் ஜெனரல் பட்லர் மடக்கிவிட்டார். 'போரில் கைப்பற்றிய சரக்கு' என்று பெயர் வைத்து மூவரையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மனிதனைச் சரக்கு என்றதால் கிடைத்த விடுதலை. இந்த மூன்று பேரும் கூட்டம் போடவில்லை, பத்திரிகை நடத்தவில்லை. அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லிங்கன் கையை அசைத்ததில் அவர்களுக்குத்தான் முதல் பங்கு.


தபால்பை

நான் வரலாறு படித்தவன் இல்லை. ரயில்வே தபாலில் 31 வருடம் கட்டுப் பிரித்தவன். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே, பின்கோடு பார்த்து அறையில் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது நம் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் இந்த விவாதத்தில் என் கண் தபால் மேலேயே போகிறது.

1835 ஜூலை கடைசியில் ஒழிப்பாளர்கள் தெற்கே கட்டுக் கட்டாகப் பத்திரிகை அனுப்பினார்கள். தென் கரோலினா சார்ல்ஸ்டன் தபால் நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அந்தப் பைகளைத் தூக்கிப் போய், மறுநாள் இரவு தெருவில் கொளுத்தியது. தபால் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல் என்ன செய்தார் தெரியுமா? பட்டுவாடா செய்யாத போஸ்ட்மாஸ்டர்களைக் கண்டிக்க மாட்டேன் என்றார். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும்தான், ஆனால் ஊருக்கு அதைவிட அதிகம் கட்டுப்பட்டவர்கள் என்று ஒரு வியாக்கியானம் வேறு. அதற்குப் பிறகு தெற்கே ஒழிப்பாளர் பத்திரிகை தபாலில் போவது நின்றே போனது.

இப்போது 1861 ஆகஸ்டுக்கு வாருங்கள். நியூயார்க்கில் போரை எதிர்த்து எழுதிய சில பத்திரிகைகளின் பெயரை ஒரு நடுவர் குழு பட்டியல் போட்டது. லிங்கனின் தபால் துறை அவற்றைத் தபாலில் ஏற்றாதே என்று உத்தரவு போட்டது. அந்தப் பத்திரிகைகள் நல்லவை என்று நான் சொல்லவில்லை. கறுப்பின மக்களைப் பற்றி வாய் கூசும்படி எழுதியவை அதில் உண்டு. ஆனால் பை ஒன்றுதானே? 26 வருடம் முன்னால் யார் கட்டை நிறுத்தினார்களோ, இப்போது அவர்களுக்கு எதிரானவர்கள் கட்டை நிறுத்துகிறார்கள். நிறுத்துகிற கை மட்டும் அதே கை. ஒழிப்பாளர்களில் எத்தனை பேர் இதற்கு எதிராக வாய் திறந்தார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


சட்டப்புள்ளி

தபால்பை ஐயா, சரியான இடத்திலேயே தட்டிவிட்டீர்கள். பெரும்பாலோர் திறக்கவில்லை என்பதுதான் பதில். அதற்குச் சரியான உதாரணம் வலாண்டிகாம் வழக்கு.

கிளெமென்ட் வலாண்டிகாம் ஒஹையோ ஜனநாயகக் கட்சித் தலைவர். போரை நிறுத்து, தென் மாநிலங்களோடு பேசு, அடிமை முறை அப்படியே இருக்கட்டும் என்கிற கூட்டத்தின் முகம். இந்தக் கூட்டத்துக்குக் குடியரசுக் கட்சியினர் வைத்த பெயர் 'காப்பர்ஹெட்', அதாவது அமெரிக்காவில் சத்தமில்லாமல் கடிக்கும் ஒரு விஷப் பாம்பு. 1863 ஏப்ரல் 13இல் வடக்குப் படை ஜெனரல் பர்ன்சைட் 38ஆம் எண் உத்தரவு போட்டார்: எதிரிக்கு அனுதாபம் காட்டிப் பேசினால் கைது. மே 1 அன்று மவுன்ட் வெர்னான் கூட்டத்தில் வலாண்டிகாம் வேண்டுமென்றே பேசினார். பர்ன்சைடின் ஆட்கள் சாதா உடையில் வந்து குறிப்பெடுத்தார்கள். மே 5 விடிவதற்கு முன் டேட்டனில் அவர் வீட்டுக் கதவை உடைத்துத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கே அவருடைய ஆதரவாளர்கள் உள்ளூர்க் குடியரசுக் கட்சிப் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். இரு தரப்பும் பேச்சுரிமையைக் காத்த லட்சணம் இது.

சிவில் நீதிமன்றங்கள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. ஆனால் அவரை விசாரித்தது ராணுவ ஆணையம். ஆட்கொணர்வு மனு எடுபடவில்லை. சிறை வைத்தால் தியாகியாகிவிடுவார் என்று லிங்கன் யோசித்து, அவரைப் போர் எல்லையைத் தாண்டித் தென் தரப்பிடமே அனுப்பிவிட்டார். அவர் அங்கிருந்து கனடா போய், அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஒஹையோ ஆளுநர் தேர்தலில் நின்று, ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டில் தோற்றார்.

கண்டனம் வந்தபோது லிங்கன் ஜூன் 12இல் ஒரு பதில் எழுதினார். படையை விட்டு ஓடும் ஒரு அப்பாவிச் சிப்பாய்ப் பையனை நான் சுட வேண்டும், அவனை ஓடச் சொல்லித் தூண்டிய தந்திரக்காரனின் ஒரு மயிரைக்கூடத் தொடக் கூடாதா என்று கேட்டார். வக்கீல் புத்தி! படிக்கும்போது தலை தானாக ஆடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அந்த ஆள் யாரையும் ஓடச் சொன்னதாக நிரூபிக்கவே இல்லையே என்று உறைக்கும். போர் முடிந்து 1866இல், வேறொருவர் வழக்கான மில்லிகன் வழக்கில், சிவில் நீதிமன்றம் இயங்கும் இடத்தில் சிவிலியனை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போர் முடிந்த பிறகு.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே பர்ன்சைட் 1863 ஜூனில் 'சிகாகோ டைம்ஸ்' பத்திரிகையை இழுத்துப் பூட்டியபோது லிங்கன் ஓரிரு நாளிலேயே அதைத் திறக்க வைத்தார். பூட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்டவர்களில் அவர் கட்சி செனட்டர் டிரம்புல்லும் ஒருவர்.


கடைசி பெஞ்ச்

அதாவது, முட்டையடி வாங்கிய பிலிப்ஸும் நாடு கடத்தப்பட்ட வலாண்டிகாமும் ஒன்று என்கிறீர்கள். ஒருவன் அடிமையை விடுவி என்றான். இன்னொருவன் அடிமையாகவே வை என்றான். எனக்கு இந்தச் சமன்பாடு தொண்டையில் இறங்கவில்லை.


சட்டப்புள்ளி

ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிலிப்ஸ் மேல் முட்டை வீசியவர்களுக்குத் துணையாக அரசாங்கம் போகவில்லை என்பதால்தான் அவரால் 1864இல் லிங்கனை எதிர்த்துப் பேச முடிந்தது. 38ஆம் எண் உத்தரவை அவர்மேலும் நீட்டியிருக்க முடியும்.


நெறியாளர்

இன்றைய உள்ளூர் அரசியலோடு ஒப்பிட்டு வந்த மூன்று பதிவுகளைத் தூக்கியிருக்கிறேன். கருத்துரிமை பற்றிய இழையில் இந்த வேலையைச் செய்வது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


வைகைக்கரை

அமெரிக்காவோடுதான் நிற்கிறேன், ஆனால் கொஞ்சம் மதுரை வழியாக. நம் ஊரில் அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் வந்தது. அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கம். அதே போர்டு அடிமை முதலாளிகளிடம் நன்கொடை வாங்குகிறது, செரோக்கி, சாக்டா பழங்குடி மக்களிடையே நடத்தும் சபைகளில் அடிமை வைத்திருப்பவர்களைச் சேர்க்கிறது என்று ஒழிப்பாளர்கள் அதை விடாமல் குடைந்தார்கள். மனம் வெறுத்துப் பிரிந்தவர்கள் 1846இல் தனிச் சங்கமே கண்டார்கள். பழைய மிஷன் பள்ளிக் கட்டடங்களைப் பார்க்கும்போது இந்தச் சண்டை ஞாபகம் வரும். சரி, நீங்கள் தொடருங்கள்.


வெட்டிவேர்

யாரும் தொடாத ஒரு ஆளைச் சொல்கிறேன். சைரஸ் பிரிங்கிள், வெர்மான்ட் மாநிலத்துக் குவேக்கர், அதாவது போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அடிமை முறைக்கும் எதிரி, துப்பாக்கிக்கும் எதிரி. 1863இல் கட்டாய ஆள்சேர்ப்பில் பெயர் வந்தது. 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். அந்தப் பணத்தைக் கட்ட அவர் மாமாவே முன்வந்தார். வேண்டாம் என்றார், அந்தப் பணத்தில் இன்னொருவன் என் இடத்தில் போய்ச் சுடுவான் என்று. முகாமுக்கு இழுத்துப் போனார்கள். துப்பாக்கியைச் சுத்தம் செய்ய மறுத்ததற்காகக் கை கால்களை நான்கு பக்கமும் விரித்து, முளையடித்துக் கயிற்றால் கட்டி, வெயிலில் தரையில் கிடத்தினார்கள். மணிக்கணக்காக. தன்னைக் கட்டியவர்கள் மேல் வருத்தம்தான் வந்தது, கோபம் வரவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். கடைசியில் லிங்கன் தலையிட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் மெக்சிகோவெல்லாம் அலைந்து செடி சேகரித்த பெரிய தாவரவியலாளர் ஆனார்.

இன்னொரு வேடிக்கை. ஆயுதமே தொடக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் போதித்த காரிசனின் மூத்த மகன் ஜார்ஜ், கறுப்பின வீரர்களின் 55ஆவது மாசசூசெட்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்தான். அப்பா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எந்தக் கொள்கையை வைத்துத் தடுப்பார்?


தேரடி வாசகன்

இதெல்லாம் வடக்கே. தெற்கே யாரும் வாய் திறக்கவில்லையா?


வெட்டிவேர்

திறந்தார்கள், விலை அதிகம். டெக்சாஸில் ஜெர்மன் குடியேறிகள் பலர் பிரிவினைக்கு எதிரானவர்கள், அடிமை முறையும் அவர்களில் நிறையப் பேருக்குப் பிடிக்காது. மெக்சிகோவுக்குத் தப்பிக் கிளம்பிய ஒரு குழுவை 1862 ஆகஸ்ட் 10 அன்று நியூசெஸ் ஆற்றங்கரையில் தென் தரப்புக் குதிரைப்படை மடக்கியது. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் விடவில்லை. எலும்புகளைப் போர் முடிந்த பிறகுதான் உறவினர்கள் போய்ப் பொறுக்கி வந்தார்கள். கம்ஃபர்ட் என்ற ஊரில் புதைத்து ஜெர்மன் மொழியில் கல் நாட்டியிருக்கிறார்கள்.


கடைசி பெஞ்ச்

சரி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன், விமர்சித்தவர்கள் எல்லாம் வேலை கெடுத்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் லிங்கனிடம் போய்ப் பேசிக் காரியம் சாதித்த டக்ளஸ் வழி எனக்குப் பிடிக்கிறது. பிலிப்ஸ் மாதிரி மேடையிலேயே நின்று திட்டிக்கொண்டிருப்பதால் எது நகர்ந்தது?


நாவல்மரம்

டக்ளஸ் போனது எதற்கு என்று பாருங்கள், உங்களுக்கே விடை கிடைக்கும். இது சம்பள விவகாரம்.

1863இல் டக்ளஸ் தன் மகன்கள் இருவரையும் சேர்த்துவிட்டு, ஊர் ஊராகப் போய்க் கறுப்பின வீரர்களின் 54ஆவது மாசசூசெட்ஸ் படைக்கு ஆள் சேர்த்தார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்துக்கொண்டு கையில் 7. ஆகஸ்ட் 10 அன்று அவர் லிங்கனை நேரில் பார்த்து இதைச் சொன்னார். கறுப்பர்களைப் படையில் சேர்த்ததே பலருக்குக் கசக்கிறது, இந்தக் குறைந்த சம்பளம் அதற்கு விட்டுக்கொடுத்தது, போகப் போகச் சரியாகும் என்றார் லிங்கன். மரியாதையாகப் பேசினார், ஒளிக்காமல் பேசினார், சம்பளம் உயரவில்லை.

அந்தப் படை என்ன செய்தது? ஏழு டாலரை வாங்க மறுத்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆண்ட்ரூ மிச்சத்தை மாநிலப் பணத்தில் தருகிறேன் என்றார். அதையும் மறுத்தார்கள், எங்களை அனுப்பியது மத்திய அரசு, அதுதான் தர வேண்டும் என்று. ஒன்றரை வருடம், ஒரு காசு வாங்காமல் சண்டை போட்டார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கார்ப்பரல் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதினார்: நாங்கள் சிப்பாய்களா, கூலிக்காரர்களா?

வடக்குத் தரப்பின் கறுப்பினப் படையான 3ஆவது தென் கரோலினா படையில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், அடிமையாக இருந்து வந்தவர். தன் ஆட்களைக் கூட்டிப்போய்க் கர்னல் கூடாரத்தின் முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைக்கச் செய்தார், சம ஊதியம் தராவிட்டால் வேலை செய்ய மாட்டோம் என்று. கலகம் என்று சொல்லி 1864 பிப்ரவரி 29 அன்று சுட்டுக் கொன்றார்கள். சிப்பாய்ச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லையென்ற அரசாங்கத்துக்கு, சிப்பாய் என்று சொல்லிச் சுடுவதற்கு மட்டும் சட்டம் கிடைத்தது என்று ஆளுநர் ஆண்ட்ரூ பின்னால் எழுதினார்.

இதற்குள் வெளியே என்ன நடந்தது? எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. ஆன்டனியும் 1863 மே மாதம் பெண்கள் சங்கம் ஒன்று தொடங்கி, அரசியல் சட்டத்திலேயே அடிமை முறையை ஒழி என்று மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். தாள்களை ஒட்டி ஒட்டிச் சுருட்டியதில் பெரும் மூட்டையாகிவிட்டது. 1864 பிப்ரவரி 9 அன்று முதல் ஒரு லட்சம் கையெழுத்தை உயரமான இரண்டு கறுப்பினத்தவர் செனட் சபைக்குள் சுமந்து வந்து செனட்டர் சம்னரின் மேஜையில் வைத்தார்கள். மொத்தம் நாலு லட்சத்தை நெருங்கியது. அந்த ஏப்ரலில் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் செனட்டில் தேறியது. பிரதிநிதிகள் சபையில் ஜூனில் தோற்று, 1865 ஜனவரி 31இல் 119க்கு 56 என்று ஜெயித்தது.

சம்பளச் சட்டம் 1864 ஜூனில் வந்தது. அதிலும் ஒரு கொக்கி: 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்தவனுக்குத்தான் முழு நிலுவை. 54ஆவது படையில் அடிமையாக இருந்து ஓடி வந்தவர்களும் உண்டு. பொய்ச் சத்தியம் செய்ய முடியுமா? கர்னல் ஹாலவெல், அவரும் குவேக்கர் குடும்பம், ஒரு வாசகம் எழுதினார்: அந்தத் தேதியில் கூலியில்லாத உழைப்பை எந்த மனிதனுக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை. ஓடி வந்தவனும் கை தூக்கி அதை உண்மையாகவே சொல்லலாம், ஏனென்றால் யாரும் யாருக்கும் அப்படிக் கடன்படவே முடியாது. முப்பது வருட அடிமை ஒழிப்பு வாதம் ஒரு சம்பளப் பட்டியலில் வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தோன்றும்.


தபால்பை

அந்தச் சத்தியத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. கூடிங்குக்கு நிலுவை வந்ததா?


நாவல்மரம்

இல்லை ஐயா. பிப்ரவரியில் ஃபுளோரிடா ஓலஸ்டீ சண்டையில் அகப்பட்டு, தென் தரப்பின் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் ஜூலையில் இறந்தார். சட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.


தேரடி வாசகன்

நாளை டீக்கடைக்குக் கூடிங் கடிதத்தோடு போகிறேன். நண்பர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன். சட்டப்புள்ளி, அந்த வலாண்டிகாம் கடைசியில் என்ன ஆனார்?


சட்டப்புள்ளி

1871இல் ஒரு கொலை வழக்கில் வாதாடினார். செத்தவன் தன் துப்பாக்கியை எடுக்கும்போது தானே சுட்டுக்கொண்டான் என்பது அவர் கட்சி. அதை எப்படி என்று சக வக்கீல்களுக்கு ஓட்டல் அறையில் நடித்துக் காட்டினார். குண்டு இல்லாதது என்று எடுத்த துப்பாக்கியில் குண்டு இருந்தது. அவர் செத்தார், கட்சிக்காரன் பிற்பாடு விடுதலையானான்.